தீர்ப்புக்கும் ஒரு தேதி உண்டு: ஐஸ் ஹாக்கியின் கெடுநாள் பரிமாற்றங்கள்

1988ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், கனடாவின் கால்கரி ஃபிளேம்ஸ் அணி பிரெட் ஹல் என்ற 23 வயது முன்கள வீரரை, ஸ்டீவ் போசெக் என்ற இன்னொரு வீரருடன் சேர்த்து, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்கு அனுப்பிவைத்தது. ஈடாக ராப் ராமேஜ் என்ற அனுபவமிக்க தற்காப்பு வீரரும் ரிக் வாம்ஸ்லி என்ற கோல்காப்பாளரும் கால்கரிக்கு வந்தனர். ஹல் அந்தப் பருவத்தில் 52 ஆட்டங்களில் 26 கோல்கள் அடித்திருந்தார். புகழ்பெற்ற பாபி ஹல்லின் மகன் என்ற அடையாளமும் அவருக்கு இருந்தது. கால்கரியின் பொது மேலாளர் கிளிஃப் ஃபிளெச்சர் செய்தது சரியா, தவறா? 35 ஆண்டுகளுக்கும் மேலாக வட அமெரிக்க ஹாக்கி உலகம் இந்தக் கேள்வியை எழுப்பிக்கொண்டிருக்கிறது.

அந்த ஒரே பரிமாற்றத்துக்கு நான்கு வெவ்வேறு நாள்களில் தீர்ப்பு எழுதினால் நான்கு தீர்ப்புகள் கிடைக்கும். 1988 வசந்தத்தில் எழுதியிருந்தால் அது தோல்வி. வழக்கப் பருவத்தில் கூட்டமைப்பிலேயே அதிகப் புள்ளிகள் பெற்ற கால்கரி, இரண்டாம் சுற்றில் எட்மன்டன் ஆயிலர்ஸிடம் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியாமல் 0-4 என வெளியேறியது. 1989 மே மாதம் எழுதியிருந்தால் அது பெருவெற்றி. கால்கரி மான்ட்ரியலை வீழ்த்தித் தன் முதல் ஸ்டான்லி கோப்பையை ஏந்தியது. வழக்கமான தற்காப்பு வீரர் கேரி சூட்டர் காயத்தால் விலகியபோது அந்தச் சுமையைத் தாங்கியவர்களுள் ராமேஜ் முக்கியமானவர். 1991இல் எழுதியிருந்தால் அது வரலாற்றுப் பிழை. அந்தப் பருவத்தில் ஹல் 86 கோல்கள் அடித்து, கூட்டமைப்பின் மிகமதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார். 1998இல் எழுதியிருந்தால் தீர்ப்பு மீண்டும் குழம்பியிருக்கும். அந்தக் கோடையில் ஹல் செயின்ட் லூயிஸை விட்டு நீங்கியபோது, அவர் அங்கு அடித்த 527 கோல்களாலும் அந்த நகரம் ஒருமுறைகூட இறுதிப் போட்டியை எட்டியிருக்கவில்லை.

பரிமாற்றம் மாறவில்லை, தீர்ப்பு எழுதப்பட்ட நாள்தான் மாறியது. கெடுநாள் பரிமாற்றங்களின் வரலாற்றை வாசிப்பவர் முதலில் கற்க வேண்டியது இதைத்தான். தேதியிடாத தீர்ப்பு பாதித் தீர்ப்பே.

கெடுநாள் என்பது என்ன?

ஏலத்தில் வீரர்கள் விலைபோவதைப் பார்த்துப் பழகிய இந்திய வாசகருக்கு இம்முறை சற்றுப் புதிது. என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கிக் கூட்டமைப்பில் அணிகள் பொதுவாக ஒரு வீரரைப் பணத்துக்கு வாங்குவதில்லை. வீரரைக் கொடுத்து வீரரைப் பெறுகின்றன. பிளேஆஃப் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் குறிக்கப்படுகிறது. அந்த நாளின் குறித்த நேரத்துக்குப் பிறகு மாற்றப்படும் வீரர் அந்தப் பருவத்தில் புதிய அணிக்காக ஆட முடியாது. கோப்பைக் கனவு உள்ள அணி வாங்குகிறது. அந்த ஆண்டுக்கு நம்பிக்கை இழந்த அணி விற்கிறது.

விற்கும் அணி கேட்கும் நாணயம் பெரும்பாலும் எதிர்காலம்: இளம் வீரர்கள், அல்லது ஆண்டுதோறும் நடக்கும் இளம்வீரர் தேர்வில் ஒரு சுற்றின் உரிமை. இன்னார் என்று பெயர்கூடத் தெரியாத ஒரு பதினெட்டு வயதுச் சிறுவன்மீதான உரிமை அது. அவன் ஆட்டத்தின் நட்சத்திரமாகலாம். ஒருநாளும் பெரிய களத்தில் இறங்காமலும் போகலாம். வாங்கும் அணி பெறுவதோ பல வேளைகளில் சில மாதங்கள் மட்டுமே. கோடையில் ஒப்பந்தம் முடியவிருக்கும் வீரரை ‘வாடகை வீரர்’ என்றே அங்கு அழைக்கிறார்கள். பயன் உடனே தெரியும். விலை பல ஆண்டுகள் கழித்தே தெரியும். ஒரு தராசின் இரு தட்டுகளும் ஒரே நாளில் நிரம்புவதில்லை. தீர்ப்பின் சிக்கல் அங்கிருந்தே தொடங்குகிறது.

கோப்பைக்கான வழியும் நீண்டது. பிளேஆஃபில் நுழையும் 16 அணிகளுள் ஒன்று நான்கு சுற்றுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ஆட்டங்களை வெல்ல வேண்டும். பதினாறு வெற்றிகளுக்கிடையில் ஒரு காயம், ஒரு தவறான துள்ளல், ஒரு கூடுதல் நேரக் கோல் எல்லாவற்றையும் புரட்டிவிடும்.

பின்னால் வந்ததெல்லாம் அதனால் வந்ததா?

கெடுநாள் பரிமாற்றம் என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர் புட்ச் கோரிங். 1980 மார்ச் 10 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி அவரை லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸிடமிருந்து பெற்றது. கொடுத்தது பில்லி ஹாரிஸ், டேவ் லூயிஸ் ஆகிய இருவரை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஐலண்டர்ஸ் வழக்கப் பருவத்தில் ஒளிர்ந்து பிளேஆஃபில் மங்கும் அணியாக இருந்தது. 1979இல் கூட்டமைப்பிலேயே அதிகப் புள்ளிகள் பெற்றும் அண்டை அணியான நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் தோற்றது. கோரிங் வந்தபின் வழக்கப் பருவத்தில் எஞ்சிய 12 ஆட்டங்களில் ஒன்றிலும் அந்த அணி தோற்கவில்லை. அந்த மே மாதம் கோப்பையை வென்றது. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்றது. 1981 பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதும் கோரிங்குக்கே கிடைத்தது.

எனவே கோரிங்கை ‘விடுபட்டிருந்த கடைசித் துண்டு’ என்று சொல்வது வழக்கமாயிற்று. ஆனால் அந்த 1980 வசந்தத்தில் ஐலண்டர்ஸில் மாறியது கோரிங்கின் வரவு மட்டும்தானா? கென் மாரோ என்ற தற்காப்பு வீரர், பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வென்ற அணியிலிருந்து நேரே வந்து சேர்ந்திருந்தார். கை விரல் காயத்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்த டெனிஸ் பொட்வின், அன்றைய தற்காப்பு ஆட்டத்தின் தலைசிறந்தவர்களுள் ஒருவர், மீண்டும் களமிறங்கியிருந்தார். சில வாரங்களுக்குள் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. அவற்றுள் ஒன்றுதான் பரிமாற்றம். அதற்கு மட்டும் நாளும் கிழமையும் உண்டு. செய்தித்தாளில் தலைப்பும் உண்டு. காயம் ஆறி ஒருவர் திரும்புவதற்குக் கெடுநாள் போன்ற கொண்டாட்டம் இல்லை. நினைவு, தேதியுள்ள நிகழ்வையே காரணமாகப் பற்றிக்கொள்கிறது.

இதனால் கோரிங் பரிமாற்றம் தோல்வி என்று ஆகிவிடாது. பொது மேலாளர் பில் டோரி தம் அணியின் நடுக்களத்தில் ஓர் இடைவெளியைக் கண்டார், அதை நிரப்பினார், நிரப்பியவர் பல ஆண்டுகள் நிலைத்து ஆடினார். அதை வெற்றி எனலாம். நான்கு கோப்பைகளையும் அந்த ஒரு நாளின் கணக்கில் வரவு வைப்பதுதான் பிழை.

இருவர் கணக்கு, இரண்டு கேள்விகள்

பரிமாற்றத்தில் ‘வென்றவர் யார்’ என்று கேட்கும் வழக்கம், ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றாக வேண்டும் என்ற முன்முடிவைச் சொல்லிலேயே ஒளித்துவைத்திருக்கிறது. ‘வணிகம்’ என்று சொன்னால் இருவருக்கும் ஆதாயம் இருக்கலாம். ‘போட்டி’ என்று சொன்னால் இருக்க முடியாது. விளையாட்டைப் பற்றிப் பேசும் மொழி, வணிகத்தையும் போட்டியின் சொற்களாலேயே அளக்கிறது.

சில நேரங்களில் அந்த அளவை பொருந்தவே செய்கிறது. 1991 மார்ச் 4 அன்று பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணி, ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸிடமிருந்து ரான் ஃபிரான்சிஸ், உல்ஃப் சாமுவெல்சன், கிராண்ட் ஜென்னிங்ஸ் ஆகியோரைப் பெற்று, ஜான் கல்லன், சார்லி சலாப்ஸ்கி, ஜெஃப் பார்க்கர் ஆகியோரைக் கொடுத்தது. பிட்ஸ்பர்க் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கோப்பையை வென்றது. ஹார்ட்ஃபோர்ட் நகரமோ தன் அணியையே 1997இல் வட கரோலினாவிடம் இழந்தது. இதைவிடத் தெளிவான வெற்றி தோல்வி வேண்டுமா?

ஆயினும் அந்த மார்ச் நாளின் தாளை எடுத்துப் பார்த்தால் காட்சி அவ்வளவு தெளிவாக இல்லை. கல்லன் அந்தப் பருவத்தில் பிட்ஸ்பர்க்குக்காக 94 புள்ளிகள் எடுத்திருந்தார். அதே காலத்தில் ஃபிரான்சிஸ் எடுத்தவை அதைவிடக் குறைவு. சலாப்ஸ்கி இளம் தற்காப்பு வீரர். எண்ணிக்கையை மட்டும் பார்த்த ஒருவர் ஹார்ட்ஃபோர்டுக்கு நல்ல விலை கிடைத்ததாகவே எழுதியிருக்கலாம். அந்த எண்ணிக்கை சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மாரியோ லெமியூ முதுகுவலியால் நீண்டகாலம் விலகியிருந்த பிட்ஸ்பர்க்கில், கல்லனுக்குக் கிடைத்த களநேரமும் துணையும் வேறு எங்கும் கிடைக்கக்கூடியவை அல்ல. ஃபிரான்சிஸோ இருமுனைகளிலும் ஆடும் நடுக்கள வீரர். பத்தாண்டுக் காலம் ஹார்ட்ஃபோர்டின் முகமாக இருந்தவர். இவை இரண்டும் அன்றே தெரிந்த செய்திகள். ஆகவே ஹார்ட்ஃபோர்டின் பிழையைக் காட்டப் பின்னால் வந்த கோப்பைகள் தேவையில்லை. அன்றைய தாளே போதும். அந்த நகரம் அணியை இழந்ததற்கோ அரங்கம், வருவாய், உரிமையாளர் எனத் தனிக் காரணங்கள் இருந்தன. அதையும் இந்தப் பரிமாற்றத்தின் தலையில் கட்டுவது கதைக்கு அழகாக இருக்கும், வரலாறாகாது.

முடிவு தெரிந்தவரின் நோய்

1975இல் உளவியலாளர் பாரூக் ஃபிஷாஃப் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் அவர் எடுத்துக்கொண்ட நிகழ்வுகளுள் ஒன்று இந்தியத் துணைக்கண்டத்தின் வரலாற்றைச் சேர்ந்தது: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயருக்கும் நேபாளத்தின் கூர்க்காக்களுக்கும் நடந்த போர். பங்கேற்றவர்கள் அனைவருக்கும் போரின் பின்னணி ஒன்றுபோலவே கொடுக்கப்பட்டது. முடிவு மட்டும் குழுவுக்குக் குழு வேறாகச் சொல்லப்பட்டது. ஒரு குழுவுக்கு ஆங்கிலேயர் வென்றதாக. மற்றொன்றுக்குக் கூர்க்காக்கள் வென்றதாக. வேறு குழுக்களுக்கு யாரும் வெல்லாததாக. ஒவ்வொரு குழுவும் தனக்குச் சொல்லப்பட்ட முடிவே முதலிலிருந்து அதிக வாய்ப்புடையதாக இருந்தது என்று மதிப்பிட முனைந்தது. அந்த முடிவு தெரியாமலிருந்தாலும் அப்படியே கணித்திருப்போம் என்றும் நம்பியது. 1988இல், ஹல் பரிமாறப்பட்ட அதே ஆண்டில், ஜோனதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் அடுத்த படியைக் காட்டினர். ஒரு மருத்துவர் ஒரே தகவலை வைத்து ஒரே முடிவை எடுத்தாலும், நோயாளி பிழைத்தால் அந்த முடிவு நன்றெனவும், இறந்தால் தீதெனவும் மதிப்பிடப்படுகிறது.

இந்த இரு ஆய்வுகளுக்கும் ஹாக்கியில் ஒரு சாட்சி வேண்டுமென்றால் அது 2008 பிப்ரவரி 26. அன்று பிட்ஸ்பர்க், அட்லாண்டா த்ராஷர்ஸிடமிருந்து மரியன் ஹோசாவையும் பாஸ்கல் டுபுயியையும் பெற்றது. கொடுத்தது கோல்பி ஆம்ஸ்ட்ராங், எரிக் கிறிஸ்டென்சன், ஏஞ்சலோ எஸ்பொசிட்டோ என்ற இளைஞர், அந்த ஆண்டின் முதற்சுற்று உரிமை. ஹோசா அந்தப் பிளேஆஃபில் 20 ஆட்டங்களில் 26 புள்ளிகள் எடுத்தார். பிட்ஸ்பர்க் இறுதிப் போட்டிவரை சென்று டெட்ராய்ட் ரெட் விங்ஸிடம் ஆறாவது ஆட்டத்தில் 2-3 எனத் தோற்றது. கடைசி நொடிகளில் கோலின் முகத்தருகே வட்டு நழுவிச் சென்றது, மணி ஒலித்தது. அந்தக் கோடையில் ஹோசா ஒப்பந்தம் முடிந்து நீங்கினார்; சென்று சேர்ந்த இடம் அதே டெட்ராய்ட். வாடகை வீரர், கோப்பை இல்லை, எதிரியிடம் போய்விட்டார் என்று முழுத் தோல்விக்குரிய அங்கங்கள் அனைத்தும் அமைந்திருந்தன.

அடுத்த ஆண்டு அதே இரு அணிகளும் இறுதியில் மோதின. ஏழாவது ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் வென்றது. ஹோசா இம்முறையும் தோற்ற பக்கம் நின்றார். அதே பரிமாற்றத்தில் உடன்வந்தவராக மட்டும் எண்ணப்பட்ட டுபுயியோ கோப்பையை ஏந்தினார். தம் ஆட்ட வாழ்க்கையின் இறுதிவரை பிட்ஸ்பர்க்கிலேயே இருந்தார். மறுபுறம், எஸ்பொசிட்டோ என்.எச்.எல். களத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த முதற்சுற்று உரிமையால் எடுக்கப்பட்ட இளைஞரும் ஆடவில்லை. பிட்ஸ்பர்க் கொடுத்த எதிர்காலம், எதிர்காலமாக மலரவே இல்லை.

அப்படியானால் அது வெற்றியா? இங்கும் எச்சரிக்கை வேண்டும். எஸ்பொசிட்டோ மலராமல் போவார் என்று 2008 பிப்ரவரியில் எவருக்கும் தெரியாது. வட்டு இன்னும் சற்று உள்ளே சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் அந்த முடிவின் தரத்தை மாற்றாது. அன்று தெரிந்தது இவ்வளவே: சிட்னி கிராஸ்பி, எவ்கெனி மால்கின் ஆகியோரைக் கொண்ட இளம் அணி, அவர்களுக்குத் துணையாக மேல்மட்ட விங் வீரர் ஒருவர் தேவை, கொடுக்கப்படுபவர்களில் எவரும் அணியின் அடித்தளம் அல்ல. அந்தக் கணக்கின்படி அது நல்ல முடிவு. கோப்பை வராமல் போயிருந்தாலும் நல்ல முடிவே.

அட்லாண்டாவின் கதை இதன் மறுபக்கம். அதற்கு ஓராண்டு முன், 2007 பிப்ரவரியில், அந்த அணி வாங்கும் பக்கம் நின்றது. செயின்ட் லூயிஸிடமிருந்து கீத் டகாச்சக்கைப் பெற ஒரு வீரரோடு முதல், இரண்டாம், மூன்றாம் சுற்று உரிமைகளையும் கொடுத்தது. அந்த வசந்தத்தில் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிளேஆஃபில் நுழைந்து, ரேஞ்சர்ஸிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. டகாச்சக் கோடையிலேயே செயின்ட் லூயிஸுக்குத் திரும்பினார். அந்த நான்கு ஆட்டங்களே அட்லாண்டா நகரம் அந்த அணியின் பெயரில் கண்ட முதலும் கடைசியுமான பிளேஆஃப். 2011இல் அணி வின்னிபெக்குக்குப் பெயர்ந்தது.

என்ன கேள்விக்கு விடை?

ஒவ்வொரு பரிமாற்றமும் ஒரு கேள்விக்கான விடை. கேள்வியைத் தவறாக எடுத்துக்கொண்டால் விடையைத் திருத்த முடியாது. 2019 பிப்ரவரியில் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் அணியின் நிலை விந்தையானது. அதன் இரு பெரும் வீரர்களான அர்த்தெமி பனாரினும் செர்கெய் போப்ரோவ்ஸ்கியும் கோடையில் நீங்கக்கூடும் என்பது வெளிப்படை. அவர்களை விற்று எதிர்காலத்தைச் சேர்ப்பதே பாடநூல் முறை. பொது மேலாளர் யார்மோ கெக்கலைனென் விற்கவில்லை. மாறாக ஒட்டாவாவிடமிருந்து மேட் டுஷேன், ரயன் டிசிங்கெல் ஆகியோரையும் வாங்கினார். அந்தக் கோடையில் நால்வரும் நால்வேறு அணிகளுக்குச் சென்றனர். வரவு செலவுப் புத்தகத்தில் இது பேரிழப்பு.

ஆனால் இடையில் ஒன்று நடந்தது. வழக்கப் பருவத்தில் 62 வெற்றிகளுடன் பழைய சாதனையைச் சமன்செய்திருந்த டம்பா பே லைட்னிங் அணியை, கொலம்பஸ் முதற்சுற்றில் 4-0 என வீழ்த்தியது. 2000இல் களமிறங்கிய அந்த அணி, அதுவரை ஒரு பிளேஆஃப் சுற்றைக்கூட வென்றதில்லை. அடுத்த சுற்றில் பாஸ்டனிடம் தோற்றது. கோப்பை ஒன்றே அளவுகோல் என்றால் கொலம்பஸ் தோற்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்த ஒரு நகரத்துக்கு ‘இந்த அணி வெல்ல முயலும்’ என்ற உறுதியைத் தருவது கேள்வியாக இருந்தால், அந்த ஏப்ரல் மாதம் அதற்கு விடை. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க முயலும்போதுதான் வாதம் முடிவின்றி நீள்கிறது.

அதே தோல்வியிலிருந்து டம்பா கற்றது வேறு. 2020 பிப்ரவரியில் அது பிளேக் கோல்மேன், பார்க்லே குட்ரோ என்ற இரு உழைப்பாளி வீரர்களுக்கு ஆளுக்கொரு முதற்சுற்று உரிமையும் ஆளுக்கொரு வீரரும் கொடுத்தது. மூன்றாம் வரிசையில் ஆடுபவர்களுக்கு இது மிகைவிலை என்ற முணுமுணுப்பு அன்று எழுந்தது. இருவரும் வாடகை வீரர்கள் அல்லர், ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு எஞ்சியிருந்தது, ஊதியமும் குறைவு. 2005 முதல் ஊதிய வரம்பு நடைமுறையில் உள்ள ஒரு கூட்டமைப்பில் குறைந்த ஊதியமே ஒரு தனி மதிப்பு. விலையைப் பெயரால் அளந்தவர்களுக்கு அது மிகை. வரம்புக்குள் மிஞ்சும் இடத்தாலும் கிடைக்கும் பருவங்களாலும் அளந்தவர்களுக்கு அது நியாயம். பெருந்தொற்றால் மார்ச்சில் நின்ற பருவம் ஆகஸ்டில் தொடர்ந்து, செப்டம்பரில் டம்பா கோப்பையை வென்றது, 2021இலும் வென்றது. பின்னர் இருவரும் நீங்கினர்.

தோல்வி என்று ஒன்று இல்லையா?

இவ்வாறெல்லாம் பிரித்துப் பேசினால் எந்தப் பரிமாற்றத்தையும் காப்பாற்றிவிடலாம் என்ற ஐயம் எழும். அது நியாயமான ஐயம். அதற்கு விடை 2013 ஏப்ரல் 3. அன்று வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ், முந்தைய ஆண்டுதான் 11ஆம் இடத்தில் தேர்ந்தெடுத்த பிலிப் ஃபோர்ஸ்பெர்க்கை நாஷ்வில்லுக்குக் கொடுத்து மார்ட்டின் எராட், மைக்கேல் லாட்டா ஆகியோரைப் பெற்றது. எராட் முப்பதைக் கடந்தவர். வாஷிங்டனுக்காக வழக்கப் பருவத்தில் 62 ஆட்டங்கள் ஆடி இரண்டு கோல்கள் அடித்தார்; ஓராண்டுக்குள் வேறு அணிக்குச் சென்றார். ஃபோர்ஸ்பெர்க் நாஷ்வில்லின் வரலாற்றிலேயே அதிகக் கோல் அடித்தவரானார்.

பின்விளைவை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்த முடிவு நிற்காது. அணியின் மிகச் சிறந்த இளம் சொத்து, முதுமை நோக்கிச் செல்லும் ஒரு துணை வீரருக்காகக் கைமாறியது. எராட் எதிர்பார்த்தபடியே ஆடியிருந்தாலும் தராசு சமமாகியிருக்காது. அன்றைய தகவலாலும் தவறு, பின்னைய விளைவாலும் தவறு. இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்தில் ‘தோல்வி’ என்ற சொல்லைத் தயக்கமின்றி எழுதலாம். வாஷிங்டன் 2018இல் கோப்பையை வென்றது உண்மை. அது இந்தப் பரிமாற்றத்தைச் சரியாக்கவில்லை. ஒரு பெரும் பிழையையும் தாங்கக்கூடிய அளவுக்கு அந்த அணி வலுவாக இருந்தது என்றே காட்டுகிறது.

விலைக்குள்ளேயே தீர்ப்பு

அணிகளும் இந்தச் சிக்கலை அறிந்தே இருக்கின்றன. அதற்கு அவை கண்ட கருவி நிபந்தனை உரிமை. 2025 மார்ச் 7 அன்று பாஸ்டன் புருயின்ஸ் தன் தலைவர் பிராட் மார்ஷண்டை ஃபுளோரிடா பேந்தர்ஸுக்கு அனுப்பியபோது, காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த அந்த 36 வயது வீரருக்கு விலை ஓர் இரண்டாம் சுற்று உரிமை. ஃபுளோரிடா இரண்டு சுற்றுகளை வென்று, அவற்றில் குறைந்தது பாதி ஆட்டங்களில் மார்ஷண்ட் ஆடினால், அது முதற்சுற்று உரிமையாக உயரும். ஃபுளோரிடா கோப்பையையே வென்றது, மார்ஷண்ட் இறுதிப் போட்டியில் மட்டும் ஆறு கோல்கள் அடித்தார், விலை உயர்ந்தது. வெற்றி என்றால் என்ன, அதை எந்த நாளில் அளப்பது என்பதைப் பரிமாறும்போதே இருதரப்பும் எழுதிக்கொண்டதுதான் இந்த நிபந்தனை. பின்னால் தீர்ப்புச் சொல்பவர்கள் செய்யத் தவறுவதை ஒப்பந்தம் முன்கூட்டியே செய்துவிடுகிறது.

கணக்கை எங்கே முடிப்பது?

இனி மீண்டும் 1988க்கு. ஹல்லைக் கொடுத்த நாளில் கால்கரியின் கேள்வி என்ன? ஜோ நியூவெண்டைக் அந்தப் பருவத்தில் 51 கோல்களும் ஹோகன் லூப் 50 கோல்களும் அடித்தனர். கோல் அடிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அதே மாகாணத்தில் வேய்ன் கிரெட்ஸ்கியின் எட்மன்டன் வழிமறித்து நின்றது. தற்காப்பில் ஆழமும் கோல்காப்பில் துணையும் வேண்டும் என்பதே கேள்வி. விடையாக வந்தவர்கள் ராமேஜும் வாம்ஸ்லியும்.

அந்த விடை 1989 ஏப்ரலிலேயே பொய்த்திருக்கவும் கூடும். முதற்சுற்றில் வான்கூவருக்கு எதிரான ஏழாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. ஜோயல் ஓட்டோவின் காலணியில் பட்டு வட்டு உள்ளே சென்றதால் கால்கரி பிழைத்தது. அந்தத் துள்ளல் வேறு திசையில் இருந்திருந்தால் இன்று ஃபிளெச்சரின் பெயர் எள்ளலோடு மட்டுமே சொல்லப்பட்டிருக்கும். அவர் எடுத்த முடிவோ இம்மிகூட மாறியிருக்காது.

இந்தக் கணக்கை மேலும் இழுத்தால் ஒரு வேடிக்கை வெளிப்படும். கோப்பை வென்ற சில வாரங்களிலேயே கால்கரி ராமேஜை ஓர் இரண்டாம் சுற்று உரிமைக்காக டொராண்டோவுக்கு அனுப்பியது. அந்த உரிமையால் கென்ட் மாண்டர்வில் என்ற இளைஞரை எடுத்தது. 1992 ஜனவரியில் டக் கில்மோர் பத்து வீரர் பரிமாற்றத்தில் டொராண்டோவுக்குச் சென்றபோது, மாண்டர்வில்லும் வாம்ஸ்லியும் அவருடனேயே சென்றனர். கால்கரியின் மிக மோசமான பரிமாற்றம் என்று பலர் கருதுவது அதைத்தான். அப்போது டொராண்டோவின் பொது மேலாளராக அமர்ந்து அவர்களைப் பெற்றுக்கொண்டவர் அதே கிளிஃப் ஃபிளெச்சர். ஹல்லுக்கு ஈடாக வந்த இரு கிளைகளும் ஒரே இடத்தில் போய் முடிந்தன. அதையும் 1988இன் கணக்கில் சேர்ப்பதா? சேர்த்தால் எந்தக் கணக்கும் முடியாது. எங்கேனும் கோடு போடத்தான் வேண்டும். போட்ட இடத்தைச் சொல்லவும் வேண்டும்.

எந்தக் கணக்கிலும் சேராதவர்களும் உண்டு. 1972இல் ஐலண்டர்ஸ் தொடங்கப்பட்டபோது அந்த அணி தேர்ந்தெடுத்த முதல் இளைஞர் பில்லி ஹாரிஸ். 78 ஆட்டங்களில் 12 வெற்றி மட்டுமே கண்ட முதல் பருவத்திலிருந்து எட்டுப் பருவங்கள் அவர் அங்கு உழைத்தார். கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தபோது அவர் பரிமாறப்பட்டார். ஆட்டத்திலிருந்து ஓய்வுபெறும்வரை கோப்பை அவருக்குக் கிட்டவில்லை. ‘கோரிங் பரிமாற்றம்’ என்ற பெயரிலேயே ஒருவர் இருக்கிறார், மற்றவர் இல்லை. வெற்றி தோல்வி என்பது அணியின் கணக்கு. வீரரின் வாழ்வு அந்தப் பேரேட்டில் பதியப்படுவதில்லை.

செயின்ட் லூயிஸில் அரங்கத்துக்கு வெளியே இன்று ஹல்லின் சிலை நிற்கிறது. அந்த நகரம் தன் முதல் கோப்பையை அவரில்லாமல் 2019இல் வென்றது. கால்கரியில் 1989ஆம் ஆண்டின் கோப்பைதான் இன்றளவும் ஒரே கோப்பை. 741 கோல்கள் அடித்த ஒருவரைக் கொடுத்துப் பெற்ற வசந்தம் அது. விலை பெரிதா என்று கேட்டால், பெரிதுதான். அன்று கேட்கப்பட்ட கேள்விக்கு விடை கிடைத்ததா என்றால், கிடைத்தது. இரண்டு வாக்கியங்களும் ஒருங்கே உண்மை. ஒன்றை எழுதும்போது மற்றதை அழிக்காமலிருப்பதே இந்த வரலாற்றை எழுதுபவரின் கடமை.